அந்த இத்தாலிக் கடையில் நான் ஏன் சாப்பிடவில்லை

அன்புள்ள மகனுக்கு,

தாதர் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துவந்தாய். அதுவரை கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாய். "நைனா, அன்னிக்கி அந்தக் கடையில நீங்க ஏன் ஒரு வாய்கூட சாப்பிடல?" நான் பதில் சொல்வதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது. நடைமேடை இன்னும் ஒரு மைல் நீண்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஊர் வந்த பிறகு உனக்கு மூன்று கடிதம் போட்டேன். புளி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருப்பதை எழுதினேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதை எழுதினேன். மழையில் ரோடு அரித்துப்போய் நம் நெல்லிவாசலுக்குப் பஸ் நின்றுவிட்டதை எழுதினேன். நீ கேட்டதற்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள் என்று முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளிடம் சொல்லிவந்தவன் நான்.

போன வாரம் உன் இன்லண்டு லெட்டர் வந்தது. சுகந்தியின் அப்பா தயாளன் அன்றைக்குப் பிறகு உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். "பையனோட அப்பாவுக்கு மனசில்லாத இடத்துல என் பொண்ண எப்படிக் குடுப்பேன்" என்று அவர் சொல்லிவிட்டாராம். கார்த்திகை பிறந்ததும் பூனாவிலிருந்து வேறொரு குடும்பம் அவளைப் பார்க்க வருகிறதாம். அம்மா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை படித்து முடித்ததும், "இத நீங்கதான் பண்ணீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாளே ஜீப்பைப் பிடித்து இறங்கி, இரண்டு பஸ் மாறி ஒடுகத்தூர் தபாலாபீசுக்குப் போனேன். உன் ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்தபோது ஓட்டுக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மாதிரி இரைச்சல். உன் குரல்தானா, வேறு யாராவதா என்றுகூடத் தெரியவில்லை. "எனக்குச் சம்மதம், எனக்குச் சம்மதம்" என்று கத்தினேன். லைன் அறுந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "சார், பம்பாய்க்குக் கேட்டுச்சோ இல்லியோ, ஒடுகத்தூருக்கே உங்க சம்மதம் தெரிஞ்சிபோச்சி" என்றார். ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை எழுதி முடிக்க எனக்கு நாலு நாள் ஆகும். இன்றைக்குக் கார்த்திகைக்குப் பதினைந்து நாள் இருக்கிறது, முடிக்கும்போது பதினொன்றுதான் இருக்கும். ஏன் நாலு நாள் ஆகும் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் எல்லாம் நினைவிருக்கும் போலிருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் சந்தில், தையல்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், மொத்தமே ஏழு மேஜை. மேஜை விரிப்பு கணக்கு நோட்டைப் போல கட்டம் கட்டமாகச் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. காலி பாட்டிலின் வாயில் மெழுகுவத்தி நட்டு, அது உருகி உருகிப் பாட்டிலே புற்று மாதிரி ஆகியிருந்தது. கடைக்காரர் கோவாக்காரர், ரொம்ப வருஷம் ஓர் இத்தாலிக் கப்பலில் சமையல் செய்துவிட்டுக் கரைக்கு வந்தவர் என்று நீ வழியிலேயே சொல்லியிருந்தாய். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த ஒரு வயதான பார்சி அம்மாளிடம் கடைக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ விசாரித்தார். அந்த அம்மாள் இன்னும் வலிக்கிறது என்று தலையாட்டினாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே ஒரு கிண்ணம் சூப் வந்தது. "எல்லாரும் இந்தத் தெருக்காரங்கதான் நைனா. பேரு தெரியாத ஆளு ஒருத்தர்கூட வர்றதில்ல" என்று பெருமையாகச் சொன்னாய்.

நீ பம்பாய் போன முதல் வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்த மனிதர்தான் மூன்று நாள் உன் அறைக்குச் சூப் கொடுத்தனுப்பினார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் உனக்கு வீடு மாதிரி இருந்த ஒரே இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போயிருந்தாய். இங்கே வந்து உட்கார்ந்து யோசிக்கும்போது அது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மைப் பயமுறுத்துவதற்கென்றே ஓர் இடம் தேடிப் பிடித்திருக்கிறானே என்றுதான் நினைத்தேன்.

தயாளனும் சுகந்தியும் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று தயாளன்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். நீளநீளமான மாவுப் பண்டம், மேலே சிவப்பாகத் தக்காளிக் குழம்பு, அதன்மேல் சீஸ் துருவல். அம்மா என் பக்கம் குனிந்து, "இன்னாங்க இது, சேமியாவ ஒடைக்காம அப்டியே வேக வச்சிக்கீறாங்க?" என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு. சுகந்திக்குக் கேட்டுவிட்டது. அவள் வாயைக் கர்சீப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

உனக்கு நான் சொல்லித்தராத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண் கேட்டுப் போனால், பேச்சு முடிகிறவரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம். இலையில் சோறு விழுந்தாலும் பெண்ணின் அப்பா எழுந்துவந்து, "கை நனைக்கலாங்களா?" என்று கேட்க வேண்டும். பையனின் அப்பா கை கழுவி உட்கார்ந்தால் சம்மதம், அவ்வளவுதான். உன் அம்மாவைப் பெண் கேட்டு என் அப்பாவும் மூன்று பேரும் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூருக்கு நடந்துபோனார்கள். நான் பின்னால் போனேன். போய்ச் சேரும்போது எல்லோருக்கும் கொலைப்பசி. இலை போட்டாயிற்று, சோறும் போட்டாயிற்று, கறிக்குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது. உன் அம்மாவின் அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை. கடைத்தெருவும் பஸ்ஸும் பார்த்து வளர்ந்த பெண், ரோடே இல்லாத இடத்தில் எப்படி இருப்பாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் அப்பா சுற்றி வளைக்காமல், "ரோடு இல்லீங்க. வர்றப்ப போறப்ப கூட நடக்க ஆளு கீது" என்று என்னைக் காட்டினார். சோறு நன்றாக ஆறிவிட்டது. கடைசியில் பெண்ணின் அப்பா எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா கை கழுவிவிட்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் பம்பாயில் காத்திருந்தேன். தயாளன் வரவழைத்த சாப்பாடு, ஆகவே அது பெண் வீட்டுச் சாப்பாடு என்று என் மனதில் முடிவு செய்துகொண்டேன். அவர் கேட்பார், நான் கை கழுவப் போகலாம் என்று, கைகழுவும் தொட்டி எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவைத்திருந்தேன். அவரோ பம்பாயிலேயே பிறந்தவர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்குப் போன அவருடைய தாத்தாவோடு அந்த வழக்கமெல்லாம் எங்கோ நின்றுபோயிருக்கும். பையனின் அப்பாதான் பேச்சை எடுப்பார் என்று அவர் காத்திருந்தார். மலையில் குளிர் எப்படி என்று கேட்டார், சொன்னேன். சாமை என்றால் என்ன என்று கேட்டார், அதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கிற மாணவனைப் போலக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவர் வாயை நானும் என் வாயை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டு ஆறிப்போனதைப் பார்த்துக் கடைக்காரர் வந்து, எதுவும் கேட்காமல் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆறியது. இரண்டாம் முறை வந்தபோது தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சமையலில் ஏதாவது குறையா என்று இந்தியில் கேட்டார். நீதான் மொழிபெயர்த்தாய். சொல்லும்போது உன் கழுத்து சிவந்திருந்தது. தயாளன் முன்னால் சாய்ந்து, "சார், இது புடிக்கலன்னா வேற ஏதாவது சொல்லட்டுமா?" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "நீங்க சாப்பிடுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." அவர் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாருமே சாப்பிடவில்லை. சுகந்தி மேஜை விரிப்பின் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சந்து முனை தாண்டியதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடையில் மேஜைமேல் கூடையில் வைத்திருந்த ரொட்டியில் இரண்டு துண்டை எப்போது எடுத்து முடிந்தாளோ தெரியாது. "இது தெரு. இங்க சாப்டா சம்பந்தமும் இல்ல, சண்டையும் இல்ல" என்று எனக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுத் தானும் தின்றாள். நீ டாக்சி தேடப் போயிருந்தாய். ரொட்டியில் பூண்டும் வெண்ணெயும் தடவியிருந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல ரொட்டி தின்றதில்லை. அந்தச் சமையல்காரர் இரண்டு முறை சூடாக்கிக் கொண்டுவந்த தட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு சொன்னால் உனக்குக் கோபம் கொஞ்சம் தணியும். வழக்கம் தெரியாமல் நடந்த குழப்பம், பாவம் நைனா, என்று நினைப்பாய். அப்படி நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட எனக்கும் ஆசைதான். இரண்டாம் நாள் எழுதும்போது கடிதத்தை இந்த இடத்தோடு முடித்தேன். பிறகு அனுப்பாமல் எடுத்துவைத்தேன். வழக்கம் மட்டுமே காரணமாக இருந்தால், தயாளன் கேட்டபோது "எங்க ஊர்ல இப்படி ஒரு முறை இருக்குதுங்க, நீங்க கேட்டாதான் நான் சாப்பிடணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேனே. ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. அந்த முறை எனக்கு அன்றைக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

தட்டு வந்ததும் நான் முள்கரண்டியை எடுத்தேன், நீ கவனித்திருக்க மாட்டாய். வழக்கமெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த நீளப் பண்டத்தை மற்றவர்கள் கரண்டியில் எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்த்து நானும் சுற்றப் போனேன். என் கை நடுங்கி, கரண்டி தட்டில் பட்டு டகடகவென்று சத்தம் வந்தது. உடனே கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக வலது கை நடுங்குகிறது. வீட்டில் கையால் பிசைந்து சாப்பிடும்போது தெரிவதில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிடுவேன். அம்மாவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இந்த எழுத்து கோணல் மாணலாக இருப்பதும், ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஓடாததும் அதனால்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வயசானால் சிலருக்கு வருவதுதான் என்றார்கள். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். ஆனால் எனக்கே பயமாக இருக்கும்போது உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அன்றைக்கு அந்த மேஜையில் என் பயமெல்லாம் ஒன்றுதான். இப்படி நடுங்குகிற கிழவனையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்? மலையிலிருந்து வந்தவனுக்கு ஒரு கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்று அவள் அப்பா நினைத்துவிட்டால்? அப்படி நினைத்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்து, அதைவிட மோசமாக நினைக்க வைத்துவிட்டேன்.

நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறை மதராஸ் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நீ அப்போது பிறக்கவில்லை. ஜீப் வராத காலம், ஏழு மைல் நடந்து வந்தவருக்கு மதியம் களியும் கீரையும்தான் இருந்தது. அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். களி பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. வேலை போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதர் கையைத் தூக்கிக் கும்பிட்டு, பரிமாறிய ஆயாவைக் கூப்பிட்டு, "அம்மா, எனக்கு இது தெரியாது. எப்படிச் சாப்பிடறது, சொல்லிக் குடுங்க" என்றார். ஆயா கூச்சமே இல்லாமல், "மெல்லாதிங்க சாமி. கொழம்புல தொட்டு அப்டியே முழுங்குங்க, அது வழி அதுக்குத் தெரியும்" என்றாள். அவர் இரண்டு உருண்டை முழுங்கினார். அதன்பிறகு அவர் என்ன குறை சொன்னாலும் எங்களுக்கு வலிக்கவில்லை, அவர் எங்கள் மனிதராகிவிட்டார். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி என்பதற்கு இந்தக் கதையை எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எனக்கு முறை வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. வேலூரில் நீ காலேஜில் படித்தபோது விடுதி விழாவுக்குப் பெற்றோர் வரவேண்டும் என்று எழுதினாய். லீவு கிடைக்கவில்லை என்று பதில் போட்டேன். நான் லீவு கேட்கவே இல்லை. டாக்டர்களும் வக்கீல்களும் வருவார்கள், அவர்களோடு என்ன பேசுவது என்று பயந்தேன். நீ சாயங்காலம் வரை விடுதி வாசலில் நின்றிருந்தாய் என்பதை உன் சினேகிதன் பிறகு சொன்னான். என்னிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அழைப்பதையும் நிறுத்திவிட்டாய். அன்றைக்கு லீவின் பின்னால் ஒளிந்தேன், பம்பாயில் வழக்கத்தின் பின்னால் ஒளிந்தேன். இந்தக் குணம் உன்னிடமும் கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. ரயில் நகர்ந்த பிறகுதானே என்னைக் கேட்டாய்? பதில் வந்துவிடுமோ என்று உனக்கும் பயம். தயாளனிடம் நேராகப் போய்ப் பேசாமல் எனக்கு எழுதியிருக்கிறாய். உனக்குக் கல்யாணம் ஆனால், ஆக வேண்டும், அந்தப் பெண்ணிடமாவது பயத்தைப் பயம் என்றே சொல். வேலை என்றும் அலுப்பு என்றும் பெயர் மாற்றிச் சொன்னால் அவள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வாள். எதிரில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் தங்கள் மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன் இன்லண்டு லெட்டரை ஒட்டும் மடிப்பில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்ததை நேற்றுத்தான் பார்த்தேன். நீ அதன் ஓரத்தைக் கிழிக்காமல் பிரிக்கச் சொல்லியிருக்கலாம். பாதி கிழிந்துவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. "அத்தை, அந்த ரொட்டி நல்லா இருந்துச்சா?" அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அய்ய, அந்தப் பொண்ணு பாத்துட்டுக்குது" என்று முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "நல்லா இருந்துச்சின்னு எழுதுங்க. உங்க கையப் பத்தியும் எழுதுங்க. ரொட்டிய முந்தானைல முடிஞ்சதையே பாத்தவ, உங்க கையப் பாக்காமயா இருப்பா?" என்றாள். நான் ஒரு வருஷமாக மறைத்துவைத்ததைப் பற்றி இதைவிட நல்ல யோசனை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ரயிலில் இடம் கிடைத்து நாங்கள் கிளம்பி வர மார்கழி ஆகிவிடும், அதுவரை தயாளன் காத்திருக்க மாட்டார். ஜீப் டிரைவர் கீழே ஹாரன் அடிக்கிறார், இதை அவரிடம் கொடுத்தால் நாளைக் காலை தபாலில் சேர்ந்துவிடும். இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தயாளனையும் சுகந்தியையும் அதே கடைக்கு, முடிந்தால் அதே மேஜைக்குக் கூட்டிப்போ. எங்கள் நைனாவுக்கு மனப்பூர்வமாகச் சம்மதம், அவருக்குக் கை நடுங்குகிறது, அதைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் சாப்பிடவில்லை என்று அவரிடம் சொல். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் குறைத்துச் சொல்லாதே. தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
நைனா